கதைச்சனான்

"அண்டைக்கு விடியவெள்ளன எழும்பிப் புட்டு அவிச்சவ. தேங்காய்ப்பூ காணாது. தனக்குப் போடாமல் முழுக்க எனக்குப் போட்டவ. நான் கவனிக்கேல்லை. வள்ளத்தில ஏறினாப் பிறகுதான் யோசிச்சனான்."

ஆக்சிலியா எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டாள். வள்ளத்தில் ஏறிய பிறகு என்று சொல்லுமிடத்தில் அந்த ஆள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. திரையில், அவன் குரலுக்குக் கீழே, மெஷின் எழுதியிருந்த பிரெஞ்சு வரிகள் ஓடின. தேங்காய் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. காணாது என்றால் போதவில்லை என்று அர்த்தம். அவள் அதை அடித்துவிட்டுத் திருத்தினாள். திருத்தி முடித்த பிறகும் அடுத்த துண்டுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து காரைக்கால் தலத்தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். வியர்வை கழுத்தில் இறங்கியது. தனக்குப் போட்டுக்கொள்ளாமல் பரிமாறிய ஒருத்தியை, அதைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்த ஒருவனை, அவர்கள் இருவரும் இருந்த அந்த அடுப்படியை அவளால் விட்டு வர முடியவில்லை.

வேலை இதுதான். பிரெஞ்சு பேசும் ஏதோ ஒரு நாட்டில், அடைக்கலம் கேட்டு வந்து நிற்கும் தமிழர்களை அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். முன்பெல்லாம் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பாராம். இப்போது மேசைமேல் ஒரு சின்னக் கருவி. அதிகாரி பிரெஞ்சில் கேட்பதை அது செய்தி வாசிப்பது போன்ற பெண் குரலில் தமிழில் சொல்லும்; இவர்கள் சொல்வதைப் பிரெஞ்சில் திருப்பிச் சொல்லும். அந்தப் பதிவுகள் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, முன்னும் பின்னும் மாறி, புதுச்சேரியில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு வரும். அங்கிருந்து ஆக்சிலியாவைப் போன்றவர்களுக்கு வரும். மெஷின் செய்த தப்பைத் திருத்திக் கொடுக்க வேண்டும். எந்த நாடு, எந்த ஊர், ஆள் யார் என்பது எதுவும் தெரியாது. பெயர் வருகிற இடத்திலெல்லாம் 'கீய்ங்' என்று ஒரு சத்தம் போட்டு மறைத்திருப்பார்கள்.

ஆக்சிலியாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் அவர் திட்டுவதும் ஜெபிப்பதும் பிரெஞ்சில்தான். அதை வைத்துப் படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்தாள். பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போய், ஒரு வருடம் யாருமே சேராமல், அந்த வேலை தானாக நின்றது. யாழ்ப்பாணத் தமிழ் அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட நாளில் பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு பெண் இரண்டு வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். இடைவேளை மணி அடித்ததும் "வாருமன், கதைப்பம்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். கதைப்பம் என்றால் பேசுவோம்.

பலருடைய துண்டுகள் கலந்து வந்தாலும் அந்தக் குரலை அவள் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். கொஞ்சம் கரகரத்த குரல். சொற்களுக்கு நடுவில் யோசிக்கிற குரல். கடற்கரைப் பக்கம் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன் என்று ஒரு துண்டிலிருந்து தெரிந்தது. தம்பியைக் காணவில்லை என்பது இன்னொன்றில். உங்கள் திருமணம் உண்மைதான் என்று எப்படி நம்புவது என அதிகாரி கேட்ட ஒரு துண்டில், அவன் மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். தலையில் எண்ணெய் வைத்தால் அவளுக்குத் தடிமன், அதாவது சளி, பிடிக்கும் என்றான். கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரத்தை மெதுவாக வைப்பாள் என்றான். ஒவ்வொரு முறை அவள் பெயரைச் சொல்லும்போதும் குரல் தணிந்தது. தணிந்த இடத்தில் 'கீய்ங்'. ஆக்சிலியா அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே சோறு வடித்தாள். இரண்டு எழுத்துக்கு மேல் இருக்காது, சத்தம் அவ்வளவு சின்னது. மாலா. வாணி. ஜெயா. ஒவ்வொன்றாக அவன் குரலில் வைத்துப் பார்த்தாள்.

அவளுடைய கணவன் ஆரோக்கியஜோசப் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டர். கெட்டவர் இல்லை. கப்பல் கரை பக்கம் வந்து சிக்னல் கிடைத்தால் தவறாமல் கூப்பிடுவார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. மோட்டர் ஓடுதா?"

"ஓடுது."

"சரி, வெச்சிடவா."

பிள்ளை இல்லாத வீட்டில் விசாரிக்க வேறு என்ன இருக்கிறது என்று அவளும் நினைத்துக்கொள்வாள். ஆனால் போனை வைத்த பிறகு, தான் எண்ணெய் வைத்தால் என்ன ஆகும், தனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வேன் என்பதை உலகத்தில் யாராவது கவனித்திருப்பார்களா என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருக்கும். முகம் தெரியாத ஒருவன் மேல் ஆசை என்று அதைச் சொல்ல முடியாது. அவன் நினைக்கிற மாதிரி யாராவது நினைக்க வேண்டும் என்பதுதான் ஏக்கம்.

அந்த வியாழக்கிழமை வந்த துண்டு சின்னது.

"சிவில் உடுப்பில ஆக்கள் கடைக்கு வந்தவை. தம்பி எங்கை எண்டு கேட்டவை. நான் அவையோட கதைச்சனான். திரும்ப வந்து என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவை."

கதைச்சனான் என்ற இடத்தில் மெஷின், கதை சொன்னேன் என்று எழுதியிருந்தது. ஆக்சிலியாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகுதான் உறைத்தது. பிரெஞ்சில் கதை சொன்னேன் என்றால், இட்டுக்கட்டினேன், பொய் சொன்னேன் என்று அர்த்தம். நம் ஊரில் கதை விடாதே என்று சொல்வதைப் போல. அவசரமாகத் திருத்தினாள். அடுத்த துண்டு வேறு யாருடையதோ. அதற்கடுத்ததும். மறுநாள் மதியம்தான் அந்த விசாரணையின் தொடர்ச்சி வந்தது. அதிகாரியின் குரலில் அவசரமில்லை. கனிவாகத்தான் கேட்டார். பொய் சொன்னதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று அவர் பிரெஞ்சில் கேட்டதை, மெஷின் அவனுடைய சொல்லாலேயே தமிழில் சொன்னது: "நீங்கள் கதைத்ததாகக் கூறினீர்கள். அதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஓம், கதைச்சது உண்மைதானே. நான் ஏன் மறைப்பான்?"

ஆம், நான் பொய் சொன்னது உண்மைதான், ஏன் மறைக்க வேண்டும் என்று மெஷின் அதைப் பிரெஞ்சில் சொல்லியது, அதே தெளிவான குரலில். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அதன் பிறகு அந்த அறையில் ஏதோ மாறிவிட்டது என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கருவியைப் பார்த்து அவன் கேட்டான்: "தங்கச்சி, நான் சொன்னது விளங்கினதோ?"

அதையும் மெஷின் மொழிபெயர்த்தது. அதிகாரி, உங்களுக்கு ஒரு தங்கை இருக்கிறாரா, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்.

ஆக்சிலியா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்தாள். பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். பிறகு கம்பெனிக்குப் போன் செய்தாள். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் செந்தில்குமார் எடுத்தான். அவள் சொன்னதை முழுக்கப் பொறுமையாகக் கேட்டான்.

"மேடம், நீங்க திருத்துனது சூப்பரா இருக்குன்னு மேல சொல்லியிருக்காங்க. அந்த வார்த்தைய இனிமே மெஷின் தப்பா சொல்லாது."

"அதில்லப்பா. இந்த ஆளோட கேஸ் என்ன ஆச்சு? அவரு பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரில்ல இருக்கு?"

"அது முடிஞ்ச கேஸா இருக்கும் மேடம். பழைய ஆடியோவத்தான் நமக்கு அனுப்புறாங்க, மெஷின் கத்துக்கறதுக்கு. அடுத்தாப்ல வர்றவங்களுக்குச் சரியா சொல்லும்ல?"

"இவருக்கு?"

"நமக்கு அது தெரியாது மேடம்" என்றான்.

மறுநாள் ஆக்சிலியா நௌஷினைப் பார்க்கப் போனாள். கோர்ட்டுக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு மாடியறையில் நௌஷின் வக்கீலாக இருந்தாள். ஆக்சிலியாவிடம் பிரெஞ்சு படித்த கடைசி சில பிள்ளைகளில் ஒருத்தி. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றவள், மிஸ் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள். ஆக்சிலியா ஒரு தாளில் அந்த வரிகளை எழுதிக் காட்டினாள். நௌஷின் படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தாள்.

"இது வெறும் மொழி தப்பு இல்ல மிஸ். உயிருக்கு ஆபத்து இருக்கிற எடத்துக்கு ஒருத்தரத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு அந்த நாடுங்கள்லாம் கையெழுத்துப் போட்டிருக்கு. அது சர்வதேச சட்டம். அவருக்குப் புரியிற பாஷையில கேட்டு, அவரு சொன்னது சொன்னபடி போய்ச் சேரணும். இல்லன்னா அது விசாரணையே இல்ல."

"அவரு எங்க இருக்காரு, பேரு என்ன, ஒண்ணும் தெரியாதேம்மா."

"பேரு வேணாம். ஆடியோவும் வேணாம், அதத் தொடவே கூடாது. இந்த வார்த்தை மட்டும் போதும். பிரெஞ்சு பேசற நாட்டுல அகதிங்களுக்காக வாதாடுற வக்கீலுங்க சங்கம் இருக்கும்ல, எல்லாத்துக்கும் எழுதுவோம். மெஷின் இந்தச் சொல்ல இப்படி மாத்துது, உங்க கட்சிக்காரங்க தீர்ப்புல பாருங்கன்னு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மிஸ், வெளிய சொல்ல மாட்டேன்னு அவங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீங்கள்ல?"

"போட்டிருக்கேன்."

"வேலை போயிடும். நோட்டீஸும் விடலாம். அதை நான் பாத்துக்கிடுவேன். ஆனா பயமா இருந்தா விட்டுருங்க. உங்கள யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். பயம் என்று நௌஷின் நினைத்துக்கொண்டது வசதியாகப் போயிற்று. நோட்டீஸைப் பற்றி ஆக்சிலியாவுக்குப் பயமில்லை. எழுதிவிட்டால் கணக்கை மூடுவார்கள். மூடினால் அந்தக் குரல் இல்லை. அவனைக் காப்பாற்ற ஏதாவது செய்ய வேண்டுமென்றால், முதலில் அவனை இழக்க வேண்டியிருந்தது. இதை எந்த வாயால் யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பூசையில், மன்றாட்டு நேரத்தில் எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டிருக்க, இன்னும் ஒரே ஒரு துண்டு கேட்டுவிடுகிறேன் என்றுதான் அவள் மாதாவிடம் கேட்டாள். கேட்டபோதே, ஒவ்வொரு நாளும் அங்கே ஒருவனை விமானத்தில் ஏற்றிக்கொண்டிருக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் திரைமுன் உட்கார்ந்து வேறு யார் யாருடைய பேச்சையோ திருத்தினாள். ஒவ்வொரு துண்டையும் திறக்கும் முன் ஒலியைக் கூட்டிவைத்தாள்.

புதன்கிழமை வந்தது. விசாரணையின் கடைசிப் பகுதி. நீங்கள் சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி வழக்கப்படி கேட்டார். நாற்காலி நகரும் சத்தம்.

"வேறை ஒண்டும் இல்லை. கீய்ங்குக்கு ஒருக்காச் சொல்லிவிடுவீங்களே, நான் வந்து சேந்திட்டன் எண்டு? அவவுக்கு இன்னும் தெரியாது."

மெஷின் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படியே பிரெஞ்சில் சொன்னது. குறித்துக்கொள்ளப்பட்டது, என்றார் அதிகாரி. பதிவு அங்கேயே முடிந்தது.

திருத்த எதுவுமில்லாத அந்தத் துண்டை ஆக்சிலியா திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு 'சரி' என்ற பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் நடந்தே நௌஷினின் மாடியறைக்குப் போனாள். இருவரும் சாயந்திரம்வரை உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதை ஆக்சிலியாதான் வாசித்து, ஒவ்வொரு சங்கத்துக்கும் அனுப்பச் சொன்னாள். கீழே தன் முழுப் பெயரைப் போட்டாள்.

பத்து நாள் போலக் கழித்து செந்தில்குமார் கூப்பிட்டான். மேடம், அது நீங்கதானா என்று கேட்டான். ஆமாம் என்றாள். "உங்க லாகின எடுத்துட்டாங்க மேடம்" என்றவன், வைக்காமல் கொஞ்சம் தயங்கி, "எங்க அக்கா வீட்டுக்காரரும் வெளிநாட்டுலதான் இருக்காரு" என்று ஏதோ சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு வைத்தான்.

அதற்குப் பிறகு மதியங்கள் நீண்டன. ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. தூங்கிப் பார்த்தாள், வரவில்லை. கடைத்தெருவில் யாராவது கரகரத்த குரலில் பேசினால் திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் ஆரோக்கியஜோசப் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். சாப்பிட்டியா, மோட்டர் ஓடுதா எல்லாம் முடிந்து, வைக்கப்போகும் நேரத்தில் அவள் கேட்டாள்:

"என்னங்க, கடைசியா நீங்க கெளம்புன அன்னைக்குக் காலையில நான் என்ன சமைச்சேன், ஞாபகம் இருக்கா?"

எதிர்முனையில் எஞ்சின் இரைச்சல். "ஏன், இட்லிதானே?"

"இல்ல."

"அப்ப என்னது?"

சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கும் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்தக் காலையில் வாசலில் நின்ற டாக்சி மட்டும்தான் தெரிந்தது. அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நானும் யோசிக்கிறேன்" என்றார். இருவரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு சிக்னல் போய்விட்டது.

பதில் ஐப்பசி மழையோடு வந்தது. ஒரு சங்கத்தில் வேலை செய்யும் பெண் வக்கீல் எழுதியிருந்தார். நீங்கள் சொன்ன வாக்கியத்தை எங்கள் கோப்புகளில் தேடினோம். பொய் சொன்னதாக விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டார் என்ற காரணம் ஒரு தமிழரின் தீர்ப்பில் மட்டுமில்லை, பலருடைய தீர்ப்பில் இருக்கிறது. சிலரை ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களை மனித மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தமிழும் பிரெஞ்சும் தெரிந்தவர்கள் இங்கே மிகவும் குறைவு. அவர்களுக்கு வாதாடும் முன் நாங்கள் அவர்களோடு பேச வேண்டும். தொலைபேசியில் நீங்கள் உதவ முடியுமா?

ஆக்சிலியா முடியும் என்று உடனே எழுதினாள். எழுதிவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் கேட்டேவிட்டாள். அவர்களில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர் யாராவது உண்டா? மனைவியைப் பற்றி நிறையப் பேசுபவர்?

தனிப்பட்ட விவரங்களைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, என்று பதில் வந்தது. அதன் கீழே இன்னொரு வரி: எல்லோருமே மனைவியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், மேடம்.

முதல் அழைப்பு ஒரு பிற்பகலில். தூறல் பிடித்திருந்தது. அவள் காலையிலேயே தலை குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு ஜன்னலருகில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வணக்கம் சொல்லி, இங்கே என் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், முதலில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். ஆக்சிலியா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள்.

"வணக்கம். நான் உங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருக்கேன். நீங்க சொல்றத கூட்டாம கொறைக்காம சொல்லுவேன். சொல்லுங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு ஒரு குரல்.

"வணக்கம்."

அவன் இல்லை. ஒரே சொல்லில் தெரிந்துவிட்டது. இது சின்ன வயது, இருபத்தைந்துகூட இருக்காது. மெல்லிய குரல். ஆக்சிலியா கண்ணை மூடித் திறந்தாள். ஜன்னல் கம்பியில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. அந்த அமைதியை அந்தப் பையன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"நீங்க ஆளோ, மெசினோ?"

"ஆளுதான் தம்பி. காரைக்கால்லேர்ந்து பேசறேன்."

"மெசினும் அப்பிடிச் சொல்லும் அக்கா. அது நல்ல வடிவாக் கதைக்கும்."

தான் மனுஷி என்பதை எந்தச் சொல்லால் நிரூபிப்பது? என்ன நடக்கிறது, ஏன் மொழிபெயர்க்கவில்லை என்று வக்கீல் கேட்டார். ஒரு நிமிடம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஆக்சிலியா எழுந்தாள். ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தாள். எதிர்வீட்டுத் தகரக் கூரையில் தூறல் தடதடத்தது. தெருக்கோடியில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கூடையோடு ஒருத்தி கூவிக்கொண்டே வந்தாள்: "நெத்திலி... நெத்திலியேய்..."

ஆக்சிலியா போனைக் கம்பிகளுக்கு வெளியே, கை எட்டும்வரை நீட்டிப் பிடித்தாள். ரவிக்கையின் கை நனைந்தது. மீன்காரி நிமிர்ந்து பார்த்து, தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று வேகமாக வந்து, ஜன்னலுக்குக் கீழே கூடையை இறக்கினாள். "பெறக்கி எடும்மா, இப்பத்தான் வந்துச்சு" என்றாள்.

போனுக்குள்ளிருந்து, மழைக்கு மேலே, மெல்லிய குரல் கேட்டது.

"நெத்தலியோ அக்கா, அங்கை விக்கினம்?"

அவள் கையை உள்ளே இழுக்கவில்லை. கூடையில் வெள்ளி மின்ன மீன் குவிந்திருந்தது. மழை அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.